பேபி ஆஃப் பகவதி

ஜூன் 24, செவ்வாய்

காலையிலிருந்து பியூலா அக்கா நான்கு முறை போன். எங்கள் ஆபீசிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பாளையங்கோட்டையில் இருக்கும் மருத்துவமனையின் லேப் கவுண்டர் அவர் பொறுப்பு. "ஏம்மா ஆவுடை, ஒரே ஆளுக்கு வைட்டமின் ரிப்போர்ட் மூணு வந்து நிக்கி. மூணு தடவ ரத்தம் உறிஞ்சிட்டியளான்னு அந்த மனுசன் சண்டைக்கு வாராரு."

காரணம் தெரிந்ததுதான். சில பரிசோதனைகளுக்கு ரத்தம் ஹைதராபாத்தில் ஒரு லேபுக்குப் போகிறது. முடிவை அவர்கள் ஃபைலாக்கி, அவர்களுடைய இணையச் சேவை வழியாக எங்கள் சர்வருக்கு அனுப்புகிறார்கள். அதை வாங்கிச் சேமித்து அக்காவின் திரையில் காட்டுவது நான் எழுதிய புரோகிராம். சேமித்து முடித்ததும் "பெறப்பட்டது" என்று பதில் அனுப்பும். பத்து நொடிக்குள் பதில் வராவிட்டால் அந்தப் பக்கம் மறுபடி அனுப்பும். மத்தியானம் எங்கள் சர்வர் மெதுவாகி, பதில் தாமதமாகப் போகிறது. அதனால் ஒன்று மூன்றாகிறது.

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரு ஆவுடை," என்றார் கனகராஜ் சார். எங்கள் ஆறு பேர் கம்பெனிக்கு முதலாளி.

வரிசையை மாற்றினேன். முதலில் "பெறப்பட்டது" போய்விடும், சேமிப்பது அதன் பிறகு மெதுவாக நடக்கும். ஒரு மணி நேர வேலை. நான்கு மணிக்குப் பிறகு எதுவும் இரண்டு தடவை வரவில்லை. சார் எல்லோருக்கும் உளுந்த வடை வாங்கிக் கொடுத்தார்.

சேமிக்கும்போது ஏதாவது தவறினால் எங்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் பகுதி பாக்கி. வெள்ளிக்கிழமை எழுத வேண்டும்.

ஜூன் 27, வெள்ளி

தெய்வானை அக்காவுக்கு விடியும்போதே வலி கண்டுவிட்டது. பத்து இருபதுக்கு ஆண் குழந்தை. மூன்று கிலோ நூறு. அம்மா அழுகிறாள், அத்தான் எல்லோருக்கும் போன் போடுகிறார். நான் பிளாஸ்க்கும் துண்டுமாக மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன். ஆபீசுக்குப் போகவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

அக்கா மகனின் குதிகாலில் ஊசி குத்தி, அட்டையில் நான்கு சொட்டு ரத்தம் எடுத்து ஹைதராபாத்துக்கு அனுப்பியிருந்தார்கள். பிறவியிலேயே இருக்கும் சில குறைகளை அதில் கண்டுபிடிக்கலாமாம். இன்று முடிவு வந்தது, எல்லாம் நார்மல். ஃபைல் வந்து விழுந்ததை என் திரையிலேயே பார்த்தேன். சின்னதாக ஒரு பெருமை.

"எல்லாத் தாய்மாருக்கும் போன் பண்ணிச் சொல்லுவியளாக்கா?" என்று பியூலா அக்காவைக் கேட்டேன்.

"அதுக்கு எங்க ஆளு இருக்கு? குறை இருந்தா மட்டும் கூப்பிடுவோம். போன் வரலன்னா பிள்ளை நல்லாருக்குன்னு அர்த்தம்னு சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்புதோம்."

ஜூலை 14, திங்கள்

லேபிலிருந்து மின்னஞ்சல். இதுவரை ஃபைலின் பெயர் வெறும் எண்ணாக வந்தது. இன்று முதல் எண்ணோடு நோயாளியின் பெயரும் சேர்ந்து வருமாம். சார் எனக்கு அனுப்பி, "பார்த்துக்கோ" என்று எழுதியிருந்தார். எங்களுக்கு ஒரு மாற்றமும் தேவையில்லை என்று பதில் போட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பியூலா அக்கா போன். பிறந்த குழந்தைகளின் ரிசல்ட் கொஞ்ச நாளாக ஒன்றும் திரையில் காணவில்லையாம். பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றுக்கும் நேராகப் "பெறப்பட்டது" என்று இருந்தது. "நம்ம பக்கம் எல்லாம் சரியா இருக்குக்கா, லேப்ல கேட்டுப் பாருங்க," என்றேன். மத்தியானம் வேறொரு கிளினிக்குக்கு டெமோ காட்டப் போக வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மொட்டைமாடித் தொட்டியைக் கழுவினேன். கை முழுக்கப் பாசி. தெய்வானை அக்கா மகன் கவின் இன்று என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். அக்கா நம்பவில்லை. அவளுக்காக மறுபடி சிரிக்கவைத்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

பதினொரு மணிக்குப் பியூலா அக்கா ஆபீசுக்கே வந்துவிட்டார். அவர் இங்கே வந்து நான் பார்த்ததில்லை. குடையை மடக்காமலே நின்றார்.

"லேப்ல இருந்து ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு. மூணு மாசத்துக் கணக்குப் பாக்காவளாம். ஜூலைல ஒரு பிள்ளைக்கு தைராய்டு குறைன்னு ரிசல்ட் அனுப்பிருக்கு, ஏன் மறுபரிசோதனைக்கு ரத்தம் வரலன்னு கேக்கு. எனக்கு அப்படி ஒண்ணும் வரலயே ஆவுடை. வந்துச்சா?"

பதிவேட்டில் தேடினேன். ஜூலை 22, காலை 11.46. பெறப்பட்டது. ஃபோல்டரில் தேடினேன். இல்லை.

பிழைகள் போய் விழும் இன்னொரு ஃபைல் சர்வரின் மூலையில் உண்டு. யாரும் திறப்பதில்லை. திறந்தேன். ஒரே மாதிரி அறுபத்துமூன்று வரிகள். எல்லாமே பிறந்த குழந்தைகள்.

பிறந்த குழந்தைக்குப் பெயர் கிடையாது. அதனால் தாயின் பெயரைப் போட்டு "பி/ஓ" என்று எழுதுவார்கள். பேபி ஆஃப் இன்னார். ஃபைல் பெயருக்குள் சாய்கோடு வந்தால் கம்ப்யூட்டருக்கு அது பெயரின் பாகம் இல்லை. கோட்டுக்கு முன்னால் இருப்பது ஒரு ஃபோல்டர் என்று எடுத்துக்கொண்டு அந்த ஃபோல்டரைத் தேடும். அப்படி ஒன்று எங்களிடம் இல்லாததால் சேமிக்காமல் விட்டுவிடும். "பெறப்பட்டது" என்று ஏற்கனவே சொல்லியாகிவிட்டதால் அவர்களும் மறுபடி அனுப்பவில்லை. பெரியவர்களின் ரிப்போர்ட் எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன.

லேபிலிருந்து அறுபத்துமூன்றையும் திரும்ப வாங்கி, நானும் அக்காவும் ஒவ்வொன்றாகத் திறந்தோம். அறுபத்திரண்டு நார்மல். ஒன்றில் மட்டும் சிவப்பு எழுத்து. பி/ஓ பகவதி, பெண், பிறந்தது ஜூலை 17, மூலைக்கரைப்பட்டி.

கொடுத்திருந்த போன் எண் வேலை செய்யவில்லை.

"இன்னைக்கு என்ன தேதி?" என்று அக்கா கேட்டார். சுவரில் காலண்டர் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

பியூலா அக்கா தனியாகப் போவதாகத்தான் இருந்தது. நானும் ஏறிவிட்டேன். மூலைக்கரைப்பட்டி பேருந்தில் அக்கா கையில் குழந்தையின் ரிப்போர்ட், நனையாமல் இருக்க பாலித்தீன் பையில்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த முகவரியை விசாரித்துப் போனோம். பகவதிக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் அவசரமாகத் துணி கிடந்த நாற்காலியை ஒழித்துக் கொடுத்தாள். குழந்தைக்கு இதழினி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புருஷன் உச்சிமாகாளி போனில் தேடிக் கண்டுபிடித்த பெயராம்.

"தங்கமான பிள்ளைக்கா. அழவே மாட்டா. பாலுக்குக்கூட நான்தான் தட்டி எழுப்பணும். தெருவுல எல்லாரும் நீ குடுத்து வச்சவன்னு சொல்லுதாவ."

அக்கா குழந்தையை வாங்கினார். ஊதின மாதிரி முகம். நாக்கு உதட்டுக்கு வெளியே கொஞ்சம் நீண்டிருந்தது. கையைத் தூக்கிவிட்டால் அது அப்படியே விழுந்தது. "உடம்பு ஏன் இவ்வளவு சில்லுன்னு இருக்கு?" என்று அக்கா கேட்டார்.

"ஆமாக்கா, எப்பவும் அப்படித்தான். மஞ்சக்காமாலை வேற ரொம்ப நாள் இருந்துச்சு. வெயில்ல காட்டுங்கன்னாவ, காட்டுனோம்."

ரத்தத்தில் ஒரு சத்து குறைவாக இருக்கிறது, இன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அக்கா சொன்னார். உச்சிமாகாளிக்குச் சொந்தமாக லோடு ஆட்டோ. பகவதி கூப்பிட்டதும் பாதி வழியில் லோடை இறக்கிவிட்டு வந்தார். அதிலேயே எல்லோரும் கிளம்பினோம். பின்னால் உட்கார்ந்த பகவதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னை நர்ஸ் என்று நினைத்திருக்கிறாள்.

"இவ்வளவு தூரம் தேடி வந்தியளே. யாரு வருவா இந்தக் காலத்துல?"

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 29, புதன்

டாக்டர் ஹெப்சிபா அம்மா எங்களிடம் தனியாகச் சொன்னது:

"இந்த ஹார்மோன்லதான் மூளை வளரும். முதல் ரெண்டு வாரத்துல மாத்திரை ஆரம்பிச்சிருந்தா இந்தப் பிள்ளைக்கும் மத்த பிள்ளைக்கும் ஒரு வித்தியாசமும் தெரிஞ்சிருக்காது. ஒரு சின்ன மாத்திரை, தினமும் காலைல, அவ்வளவுதான். மூணு மாசத்துக்கு மேல ஆயிட்டு. உடம்பு தேறிரும். மூளை எவ்வளவு தேறும்னு நான் சொல்ல முடியாது. முழுசாத் தேறும்னு சொல்ல மாட்டேன்."

தாயிடம், "மாத்திரையை ஒரு நாளும் விட்டுறாத," என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் அம்மா பருப்பு வாங்கி வரச் சொல்லியிருந்தாள். மறந்துவிட்டேன். திரும்பப் போய் வாங்கினேன்.

அக்டோபர் 31, வெள்ளி

சார் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"லேப்காரன் ஜூலையிலயே போனும் பண்ணிருக்கான். ஆஸ்பத்திரி ரிசப்ஷன் நம்பரை ஒருத்தரும் எடுக்கல. அன்னைக்கே ஒரு மெயிலப் போட்டுட்டு அன்னைக்கே பேரை மாத்தினது அவன். ரிசல்ட் வரலன்னு தேடாம இருந்தது ஆஸ்பத்திரி. நாம மட்டுமா? அறுபத்துமூணுல ஒண்ணுதான்னு நினைச்சுக்கோ. கடவுள் காப்பாத்துனாரு."

மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்டிருந்தார்கள். சார் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். "வெளிச் சேவையிலிருந்து வந்த ஃபைல்களின் பெயரமைப்பு மாறியதால் சேமிப்பில் இடையூறு ஏற்பட்டது. இந்த இடையூறு குறித்து அக்டோபர் 27க்கு முன் எங்களுக்கு எந்தத் தகவலும் தரப்படவில்லை."

தட்டும்போது இரண்டாவது வாக்கியத்தில் என் கை நின்றது. சார், "ம்?" என்றார். முடித்து, கீழே என் பெயரையும் போட்டேன். என்ன இருந்தாலும் ஆகஸ்டில் வந்தது வாய்மொழியாக வந்த போன்தானே. ரிசல்ட் காணவில்லை என்று எழுத்தில் ஒன்றும் வரவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

புரோகிராமைச் சரிசெய்தாயிற்று. பெயரில் என்ன குறி வந்தாலும் மாற்றிக்கொள்ளும். சேமித்த பிறகுதான் பதில் போகும். தவறினால் என் போனுக்கும் சார் போனுக்கும் செய்தி வரும். சோதித்துப் பார்க்க ஐம்பது போலி ஃபைல்கள் அனுப்பினேன். ஐம்பதும் வந்தன. மறுபடி ஐம்பது அனுப்பினேன். வேலை முடிந்துவிட்டது, ஆனாலும் அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 10, திங்கள்

பகவதிக்கு என் எண் எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை. அன்றைக்கு ஆட்டோவில் நானே கொடுத்தேனா?

"அக்கா, கேளுங்க கேளுங்க," என்றாள். போனில் குழந்தை அழுதது. கரகரவென்று, கோபமாக. "இன்னைக்குப் பசிக்கு அவளே அழுதா! அவ அப்பா ஸ்டேட்டஸ்ல வச்சிட்டாரு."

"சந்தோஷம்மா," என்றேன்.

"எல்லாம் உங்களாலதான்க்கா."

நவம்பர் 14, வெள்ளி

குழந்தை ரிசல்ட்டைக் கவனிக்காமல் விட்டதற்காகப் பியூலா அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். சார் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார். பத்தொன்பது வருஷம் அந்தக் கவுண்டரில் இருந்தவர்.

அம்மா மாவரைக்கச் சொன்னாள். அரைத்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

பியூலா அக்காவைப் பார்க்கப் போனேன். ஆலயத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். காப்பி கொடுத்தார். கொஞ்ச நேரம் வேறென்னவோ பேசினோம்.

"ஆகஸ்ட்ல உனக்கு போன் பண்ணேன்லா. நீயும் லேப்காரனும் சரியா இருக்குன்னதும் விட்டுட்டேன்," என்றார், பிறகு.

"ஆமாக்கா."

"நான் யாருட்டயும் சொல்லல. நீயா சொல்லுவன்னு இருந்தேன். உங்க லெட்டரைக் காட்டித்தான் என்ன நிறுத்துனாவ. ஒரு தகவலும் தரலன்னு எழுதிருக்கு. கீழ உன் பேரு இருக்கு."

டம்ளரைக் கழுவி வைக்கப் போனேன். "அத வை, நான் பாத்துக்கிடுதேன்," என்று வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 17

காய்ச்சல் என்று லீவு சொன்னேன். காய்ச்சல் இல்லை.

நவம்பர் 26, புதன்

கவின் கவிழ்ந்து படுத்து, தலையைத் தூக்கி, ரிமோட்டை எட்டிப் பிடித்துவிட்டான். அக்கா வீடியோ எடுத்தாள். எனக்கும் அனுப்பினாள். நான் எதிர் அறையில்தான் இருந்தேன். "ஏட்டி, ஒரு மாசமா பிள்ளையத் தூக்கவே மாட்டேங்க. என்ன உனக்கு?" என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

கவினுக்கும் அந்தக் குழந்தைக்கும் இருபது நாள் வித்தியாசம்.

டிசம்பர் 5, வெள்ளி

பகவதி போன். இப்போதெல்லாம் வாரத்துக்கு இரண்டு முறை பேசுகிறாள். மாத்திரைக்கு முன் பால் கொடுக்கலாமா, தடுப்பூசி போட்ட அன்றைக்கும் மாத்திரை உண்டா என்றெல்லாம் கேட்பாள். டாக்டரிடம் கேட்டுச் சொல்வேன். இன்று வேறு கேட்டாள்.

"அக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ளை இவளுக்குப் பிறகு பிறந்தது. கவுந்துட்டு. இவளுக்குக் கழுத்தே நிக்கல. சரியாயிரும்லா?"

"கொஞ்சம் மெதுவா வரும்மா," என்றேன்.

"நீங்க சொன்னா சரிக்கா."

போனை வைத்த பிறகு ஆபீஸ் பாத்ரூமில் போய் நின்றேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன் என்று எழுத ஆசைதான். அழுகை வரவில்லை. குழாயை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

மூலைக்கரைப்பட்டி போனேன். சாரிடம் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. காலை எட்டரை மணி. பகவதி ஒரு கரண்டியில் மாத்திரையை இன்னொரு கரண்டியின் அடியால் பொடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா! திடீர்னு? உக்காருங்க, இத முதல்ல குடுத்துருதேன்."

குழந்தை பாயில் கிடந்தது. முகத்தில் அந்த ஊதல் வடிந்திருந்தது. கண் நன்றாக விழித்திருந்தது. அழகான குழந்தை.

"பகவதி, நான் நர்ஸ் இல்லம்மா."

"தெரியுமேக்கா. கம்ப்யூட்டர் வேலைன்னு பியூலாக்கா சொன்னாவ."

அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவளே தொடர்ந்தாள். "அந்த ரிப்போர்ட்டு ஏன்க்கா லேட்டாச்சு? ஆஸ்பத்திரில கேட்டா கூரியர்ல தொலஞ்சுட்டுன்னாவ. எந்தக் கூரியர்னு கேட்டா பதில் இல்ல."

"கூரியர் இல்ல. தொலையவும் இல்ல. ஜூலை இருபத்திரண்டாம் தேதியே வந்துட்டு. எங்க கம்ப்யூட்டருக்கு வந்துச்சு. வந்தத எடுத்து வைக்காம, வாங்கிட்டோம்னு மட்டும் அது பதில் சொல்லிட்டு. அப்படிச் சொல்ல வச்சது நான். எடுத்து வைக்காட்டா எனக்குத் தெரியிற மாதிரி ஒண்ணு எழுதிருக்கணும். எழுதல. ஆகஸ்ட்ல பியூலாக்கா கேட்டாவ. நான் உள்ள திறந்து பாக்கல."

அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. கரண்டி கையிலேயே இருந்தது. பிறகு குழந்தையை மடியில் போட்டு, பாலில் கரைத்த மாத்திரையைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். ஓரத்தில் வழிந்ததை விரலால் வழித்து மறுபடி உள்ளே விட்டாள். கரண்டியில் இன்னும் இரண்டு சொட்டுப் பால் ஊற்றி, ஒட்டியிருந்ததையும் கலக்கிக் கொடுத்தாள். எல்லாம் முடித்துவிட்டுத்தான் கேட்டாள்.

"அன்னைக்கே தெரிஞ்சிருந்தா இவ எல்லாப் பிள்ளை மாதிரியும் இருந்திருப்பாளா?"

பேருந்தில் வரும்போது இந்தக் கேள்விக்கு நான்கைந்து பதில் யோசித்து வைத்திருந்தேன். டாக்டர்தான் சொல்ல வேண்டும், யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, இப்படி.

"இருந்திருப்பா," என்றேன்.

அவள் கத்தவில்லை. உள்ளே போய்ப் புருஷனிடம் ஏதோ சொன்னாள். உச்சிமாகாளி வெளியே வந்தார். நான் நாற்காலிக்கு அருகில் வைத்திருந்த கைப்பையையும், குழந்தைக்கென்று வாங்கிப் போன கம்பளிச் சட்டையையும் எடுத்துக்கொண்டு போய் ரோட்டு ஓரத்தில் வைத்தார். எறியவில்லை, வைத்தார்.

"போங்க," என்றார்.

அடுத்த பேருந்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அவர்கள் வீட்டுக்கு எதிரில்தான் நிறுத்தம். கதவைச் சாத்திவிட்டார்கள்.

டிசம்பர் 15, திங்கள்

மருத்துவமனை நிர்வாகத்துக்கு என் பெயரில் தனிக் கடிதம் கொடுத்தேன். ஜூன் 24 மாற்றம், எழுதாமல் விட்ட பகுதி, ஜூலை 14 மின்னஞ்சல், ஆகஸ்ட் 12 போன், அக்டோபர் 31 பொய். ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. சாரிடம் நகல் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார்.

"நம்ம ரமேஷுக்கு அடுத்த மாசம் கல்யாணம். இங்க ஆறு பேரு இருக்கோம். ஒரு தடவயாவது எங்கள நினைச்சியா?"

நினைத்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. ஆபீஸ் சாவியை மேஜையில் வைத்தேன்.

டிசம்பர் 16

அம்மா: "யாரும் உன்னக் கேக்காமலே நீயா எதுக்குட்டி போய்ச் சொன்ன?"

தெய்வானை அக்கா கவினைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். அவனும் அதே ஆஸ்பத்திரியில் பிறந்தவன்.

ஜனவரி 9, வெள்ளி

மருத்துவமனை எங்கள் கம்பெனியோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. மிச்சம் இருந்தவர்களில் மூன்று பேரை சார் நிறுத்திவிட்டாராம். ரமேஷ் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறான்.

பியூலா அக்காவைத் திரும்ப அழைத்தார்கள். அவர் போகவில்லை. போனில், "உன் மேல எனக்குக் கோவம் இல்லம்மா. அங்க போய் உக்கார மனசு இல்ல. ஒவ்வொரு தாய்ட்டயும், போன் வரலன்னா நல்லதுன்னு நான்தான சொல்லி அனுப்புனேன்," என்றார்.

ஜனவரி 20, செவ்வாய்

வேலை தேடவில்லை. துணி துவைத்தேன். காய்ந்தது. மடித்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

பகவதி வீட்டார் தரப்பு வழக்கறிஞர் ஒருவர் அழைத்தார். உச்சிமாகாளி நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார். மருத்துவமனை, லேப், கம்பெனி, நான் என்று நான்கு தரப்பின் மீதும். நான் கொடுத்த கடிதத்தின் நகல் வேண்டும் என்றார். இன்றே அனுப்பினேன். வேறு ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். "யாரு?" என்றார். பகவதி என்றேன். இல்லை என்றார்.

மார்ச் 3, செவ்வாய்

பியூலா அக்கா மூலம் தெரிந்தது. குழந்தையை வளர்ச்சிப் பரிசோதனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஏழரை மாதக் குழந்தை மூன்று மாதக் குழந்தை போல இருக்கிறதாம். காது கேட்கிறது. அதைப் பெரிய விஷயமாகச் சொன்னார் அக்கா. காது கேட்கிறது, ஆவுடை.

ஏப்ரல் 21, செவ்வாய்

நீதிமன்றத்தில் சாட்சி சொன்னேன். என் மேலும் வழக்கு இருப்பதால் எனக்கென்று வழக்கறிஞர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வைக்கவில்லை.

மருத்துவமனையின் வழக்கறிஞர் நல்ல குரலில் கேட்டார். "அப்படியென்றால் இது முழுக்க முழுக்க உங்கள் தவறு. சரிதானே?"

ஆமாம் என்றால் அந்த ரிசப்ஷன் போனை எடுக்காதவர்களும், ஆளில்லை என்று தாய்மாரைக் கூப்பிடாமல் விட்டவர்களும் எழுந்து போய்விடுவார்கள். இல்லை என்றால் நான் தப்பிக்கப் பார்க்கிறேன் என்றாகும். நான் யோசித்த நேரம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. திரும்பி நீதிபதியைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"என் தவறு முழுசா என் தவறுதான். மத்தவங்களோடது அதுல குறையாது," என்றேன். எழுதிக்கொண்டார்களா என்று தெரியவில்லை. அடுத்த தேதி ஜூனில்.

வெளியே வராந்தாவில் கூட்டம். உச்சிமாகாளி வழக்கறிஞரோடு கீழே ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தார். பகவதி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுத்தரின் மேஜை முன் நின்றாள். டிசம்பருக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். மெலிந்திருந்தாள். எழுத்தர் ஒரு கட்டுத் தாளைத் தள்ளி, எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வேண்டும், சீக்கிரம், நீதிபதிகள் எழுந்துவிடுவார்கள் என்றார். அவள் ஒரு கையால் முயன்றாள். தாள் நகர்ந்தது. குழந்தையின் தலை பக்கவாட்டில் சரிந்தது. பேனாவைப் போட்டுவிட்டுத் தலையைப் பிடித்தாள்.

திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் தெரியாத ஆட்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள், சுவரோரம் நான் நின்றேன். அந்த ஆட்களைப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"கழுத்துக்குக் கீழ கை குடுங்க," என்றாள்.

கொடுத்தேன். குழந்தை நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஒன்பது மாதம். தலையின் முழு பாரமும் என் உள்ளங்கையில். அக்கா மகனைத் தூக்கினால் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்வான், சட்டையைப் பிடிப்பான், இறங்கத் திமிறுவான். இந்தக் குழந்தை வைத்த இடத்தில் இருந்தது. என் முகத்தைப் பார்த்தது, பிறகு எனக்குப் பின்னால் ஓடிய மின்விசிறியைப் பார்த்தது. விசிறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மன்னிப்பு மாதிரி ஏதாவது அதனிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. யாரிடம் சொல்வது? அதற்கு எப்போதுமே புரியப்போவதில்லை என்பதுதானே வழக்கே.

பகவதி பதினேழு பக்கங்களில் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தடவை திரும்பி, என் கை சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. முடித்ததும் வந்து வாங்கிக்கொண்டாள். தலையைத் தோளில் சாய்த்து, துண்டால் வாயைத் துடைத்து, படியில் இறங்கினாள். நான் கொஞ்ச நேரம் கையை மடக்காமலே நின்றேன்.